டென்வர் டெஸ்ட், 2018: காற்றை அளந்தார்கள், காசோலையை அளக்கவில்லை

2018 ஜூன் 23, சனிக்கிழமை. அமெரிக்காவின் டென்வர் நகரில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஒரு ரக்பி லீக் டெஸ்ட், அதாவது நாட்டு அணிகள் மோதும் ஆட்டம், ஆடின. அமெரிக்க அணிக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, இரண்டு பேருமே வெளியூர்க்காரர்கள். இங்கிலாந்து 36, நியூசிலாந்து 18. உயரமான ஊர், மெல்லிய காற்று, வீரர்கள் சுருண்டு விழுவார்கள் என்று மாதக்கணக்கில் பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் ஒழுங்காக ஊர் திரும்பினார்கள். ஆனாலும் அடுத்த வருடம் அங்கே ஆட்டம் இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை, அந்த ஆட்டத்தை நம்பிக் கட்டியிருந்த உலகக் கோப்பைத் திட்டமும் சரிந்தது. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் அந்த அணிகளோடு போனவன் இல்லை. சிட்னியில் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன், வார இறுதியில் ரக்பி லீக் பார்ப்பவன், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் ஒரு அனுப்பீடு சொதப்பினால் ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் புரட்டுவோம். பொதுவில் வெளிவந்த விவரங்களை வைத்து இந்த ஆட்டத்தையும் அப்படிப் புரட்டியதன் விளைவு இது. தனி ஆட்களின் பெயர் எதுவும் போடவில்லை, பதவி மட்டும் போதும்.

பின்னணி

ரக்பி என்றால் நம்மூரில் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். இரண்டு உண்டு. 15 பேர் ஆடுவது யூனியன். 13 பேர் ஆடுவது லீக். பிடிபட்டால் எழுந்து மறுபடி ஆட வேண்டும், ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. 1895இல் வட இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் இந்தப் பிரிவு பிறந்ததே கூலித் தகராறில்தான்: சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய சம்பளம் போகிறது, அதை ஈடுகட்டிக் கொடுங்கள் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன, தலைமைச் சங்கம் முடியாது என்றது, கிளப்புகள் வெளியேறின. இதை எதற்கு இங்கே சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

லீக் வேரூன்றிய இடங்கள் குறைவு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை, நியூசிலாந்து, பப்புவா நியூ கினி, பசிபிக் தீவுகள், வட இங்கிலாந்து, பிரான்ஸின் தெற்குப் பகுதி. அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் நிர்வாகிகளுக்கு ஒரு அமெரிக்கக் கனவு வரும். 1987 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவின் இரண்டு மாநிலங்கள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டத்தையே கலிபோர்னியாவின் லாங் பீச்சுக்குக் கொண்டுபோனார்கள். நியூ சவுத் வேல்ஸ் 30, குயின்ஸ்லாந்து 18, பார்க்க வந்தவர்கள் 12,349 பேர். அதோடு அந்தக் கதை ரொம்ப நாள் தூங்கிவிட்டது.

2016 டிசம்பரில் மறுபடி விழித்தது. 2025 உலகக் கோப்பை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் என்று சர்வதேசச் சங்கம் அறிவித்தது. நடத்தும் பொறுப்பு ஒரு தனியார் அமைப்பாளர் நிறுவனத்துக்கு. அதே நிறுவனம்தான் டென்வர் டெஸ்டையும் நடத்த முன்வந்தது. ஒரு முறை அல்ல, மூன்று வருடம் தொடர்ந்து. உலகக் கோப்பைக்கு முன்னால் ஒரு ஒத்திகை மாதிரி. இரண்டு நாட்டுச் சங்கங்களுக்கும் நிறுவனம் பணம் தரும், நுழைவுச் சீட்டு, விளம்பரம் எல்லாம் நிறுவனத்தின் பாடு. காகிதத்தில் நல்ல பேரம். செலவு அவர்களுடையது, வரவில் பங்கு நம்முடையது என்று சொன்னால் யார் வேண்டாம் என்பார்கள்?

பத்து நாள் இடைவெளி

ஆஸ்திரேலியப் போட்டியான என்.ஆர்.எல். நடுப் பருவத்தில் ஆடுவதை நிறுத்தாது என்பதுதான் சர்வதேச ஆட்டங்களுக்கு எப்போதுமே உள்ள தடை. 2018 ஜூனில் ஒரு வார இறுதியை முழுக்க ஒதுக்கினார்கள். வெள்ளிக்கிழமை மகளிர் ஆரிஜின், சனிக்கிழமை சிட்னி புறநகர் கேம்பல்டவுனில் டோங்கா, சமோவா, ஃபிஜி, பப்புவா நியூ கினி ஆட்டங்கள், ஞாயிறு ஆடவர் ஆரிஜின் இரண்டாவது ஆட்டம். டென்வர் இந்த இடைவெளியில்தான் செருகப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். ஜூன் 17 ஞாயிறு வரை கிளப் ஆட்டம். 28 வியாழன் மறுபடி கிளப் ஆட்டம். நடுவில் பத்து நாள். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 13, 14 மணி நேரம், அங்கே இறங்கிக் குடிவரவு, சுங்கம், மறுபடி பெட்டியைப் போட்டு டென்வருக்கு இரண்டரை மணி நேரம். நேர வித்தியாசம் சிட்னிக்கு 16 மணி, ஆக்லாந்துக்கு 18 மணி, இங்கிலாந்துக்கு 7 மணி. இங்கிலாந்து அணியிலேயே ஒரு பகுதியினருக்கு 7 மணி நேரக் குழப்பமும் என்.ஆர்.எல். கிளப்புகளில் ஆடுகிற மீதிப் பேருக்கு 16 மணி நேரக் குழப்பமும் இருக்கும். ஒரே உடை மாற்றும் அறையில் இரண்டு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,609 மீட்டர், அதாவது சரியாக ஒரு மைல். மைதானத்தின் பெயரே மைல் ஹை. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அந்த அளவு குறைவு. விளையாட்டு மருத்துவத்தில் இதற்கு இரண்டு வழி சொல்வார்கள்: ஒன்று ஆட்டத்துக்கு முந்தைய நாள் போய் இறங்கி உடம்பு சுதாரிக்கும் முன்பே ஆடிவிடுவது, இல்லையென்றால் இரண்டு வாரம் முன்பே போய்ப் பழகுவது. நாலைந்து நாள் முன்பு போவது இரண்டிலும் சேராது. பத்து நாள் இடைவெளி அனுமதித்தது அந்த நாலைந்து நாளைத்தான், ஏனென்றால் முந்தைய நாள் போய் இறங்கினால் தூக்கக் கணக்கு அடிக்கும்.

கிளப்புகள் மறுத்தபோது

இங்கேதான் சண்டை ஆரம்பித்தது. வீரருக்குச் சம்பளம் கொடுப்பது கிளப். நாட்டுக்காக ஆடும்போது முழங்கால் போனால் மீதிப் பருவத்துக்கு நஷ்டம் கிளப்புக்கு. என்.ஆர்.எல். கிளப்புகள் வீரர்களை விடமாட்டோம் என்று நிர்வாகங்களுக்குக் கடிதமே எழுதின. மருத்துவர்களின் கவலைகள் சேர்க்கப்பட்டன. நீண்ட பயணம், உயரம், கோடை வெயில், திரும்பி வந்தவுடன் ஆட்டம்.

நியாயமான கவலைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு சுவாரசியம். இங்கிலாந்தின் பயிற்சியாளர் அப்போது ஒரு என்.ஆர்.எல். கிளப்புக்கும் பயிற்சியாளர், ஆக அவர் இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரர், அவர் டென்வர் ஆட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தார். சர்வதேச ஆட்டம் வளர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், ஒரு வார இறுதியை விட்டுத் தரச் சொன்னால் மருத்துவரைக் கூப்பிடுகிறார்கள் என்பது அந்தப் பக்கத்து வாதத்தின் சாரம். கிளப்புகளின் பக்கத்திலும் ஒரு உண்மை இருந்தது: ஆட்டத்தை நடத்துபவர் யார், அவருக்குப் பின்னால் எவ்வளவு பணம் இருக்கிறது, காப்பீடு யார் பெயரில் என்ற கேள்விகளும் அங்கங்கே எழுந்தன. ஆனால் தலைப்புச் செய்தி ஆனது உயரம்தான். மூச்சுத் திணறல் என்றால் நாளிதழில் படம் போடலாம், வங்கி உத்தரவாதத்துக்கு என்ன படம் போடுவது?

இழுபறி மாதக்கணக்கில் ஓடி, சர்வதேச இடைவெளியில் அங்கீகரிக்கப்பட்ட ஆட்டத்துக்கு வீரரை விட்டுத்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றது. வீரர்கள் பலருக்குப் போக ஆசை. போனார்கள்.

என் பார்வையில் இந்த முடிவு சரி. எடுத்த விதம்தான் தப்பு. போகலாமா கூடாதா என்பதிலேயே மாதங்கள் போய்விட்டதால், போனால் என்னென்ன வேண்டும் என்ற வேலைக்கு மிச்சம் இருந்தது சில வாரங்கள்.

பாஸ்போர்ட் மேசை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். வெளியூரில் ஆட்டம் வைக்கும்போது ரசிகர்கள் கண்ணில் படாத வேலை இதுதான்.

இங்கிலாந்தை உள்ளடக்கிய பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் அமெரிக்காவின் விசா விலக்குப் பட்டியலில் உள்ள நாடுகள். இந்த பாஸ்போர்ட் உள்ளவர் எஸ்டா என்ற இணைய அனுமதியை வாங்கிக்கொண்டு ஏறிவிடலாம். 2018இல் கட்டணம் 14 டாலர், இரண்டு வருடம் செல்லும். அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்கலாம்.

முதல் கஷ்டம், எந்த வகையில் உள்ளே போகிறோம் என்பது. தொழில்முறை வீரர் அமெரிக்காவில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறார் என்றால் அவருக்கு விளையாட்டு வீரர்களுக்கான தனி விசா வேண்டும், அதற்கு அமெரிக்காவில் உள்ள ஒருவர் மனு போட வேண்டும், சாதாரணமாகப் போட்டால் மாதக்கணக்கு, கூடுதல் கட்டணம் கட்டினால் (2018இல்) 15 நாளில் மனுவுக்கு மட்டும் பதில் வரும், நேர்காணல் அதற்குப் பிறகு. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. அணியின் தொழில் இடம் வெளிநாட்டில், வருமானமும் வீரர் சம்பளமும் முதன்மையாக வெளிநாட்டில், ஆட்டத்துக்குச் சர்வதேசத் தன்மை உண்டு என்றால் வணிக வருகையாளர் என்ற வகையிலேயே வந்து ஆடிவிட்டுப் போகலாம். (ஆங்கிலத்தில் இரண்டு விசாவுக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'பி-1' என்றே வந்து தொலைக்கிறது. அதனால்தான் பெயர் சொல்லாமல் சுற்றி எழுதுகிறேன்.) இந்த மாதிரி ஒரு டெஸ்ட் அந்த விதிவிலக்கின் மூன்று நிபந்தனைகளுக்கும் பொருந்தக்கூடியது. ஆனால் குடிவரவு அதிகாரி முன்னால் நிற்பது வழக்கறிஞர் அல்ல, விமானத்தில் தூங்காமல் வந்த 22 வயதுப் பையன். "எதற்கு வந்தாய்?" என்றால் "வேலைக்கு" என்று சொல்லிவிடுவான். ஒவ்வொருவர் கையிலும் சங்கத்தின் கடிதம் இருக்க வேண்டும், என்ன சொல்வது என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

இரண்டாவது கஷ்டம், ஒரு அணியில் ஒரே பாஸ்போர்ட் இருக்கும் என்ற நினைப்பு. லீக்கில் தீவுக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. நியூசிலாந்தில் பிறந்திருப்பார், டோங்காவுக்கும் ஆடத் தகுதி இருக்கும், சிட்னியில் வீடு. அவர் கையில் நியூசிலாந்து பாஸ்போர்ட் இருந்தால் எஸ்டா. டோங்கா, சமோவா, ஃபிஜி பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் அந்த வழி மூடியது, தூதரகத்தில் நேர்காணல்தான். சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் விடியற்காலையில் ஃபைலை அணைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேசிய அணி வீரர்கூட அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். வீரர்களை மட்டும் பார்த்தாலும் போதாது, உடற்பயிற்சியாளர், மசாஜ் செய்பவர், காணொளி ஆய்வாளர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பார்க்க வேண்டும். சிப் இல்லாத பழைய பாஸ்போர்ட் என்றாலும் எஸ்டா கிடையாது. 2011 மார்ச்சுக்குப் பிறகு ஈரான், ஈராக், சிரியா, சூடான் பக்கம் போய்வந்திருந்தாலும் பொதுவாகக் கிடையாது.

மூன்றாவது, எல்லோரும் வாய் திறக்கத் தயங்குவது. பழைய வழக்கு. இளம் வயதில் ஒரு மதுக்கடை அடிதடி, கொஞ்சம் போதைப்பொருள், நீதிமன்றத்தில் அபராதம் கட்டி முடிந்த கதை. உள்ளூரில் மறந்தே போயிருக்கும். எஸ்டா படிவத்தில் அதற்குக் கேள்வி இருக்கிறது. ஆம் என்றால் விசா நேர்காணல், குற்றத்தின் வகையைப் பொறுத்து சிறப்பு விலக்கு மனு, அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். இல்லை என்று பொய் சொன்னால் அது தனிக் குற்றம், வாழ்நாள் முழுக்கத் துரத்தும். தேர்வுக் குழு அணியை அறிவிப்பதோ ஆட்டத்துக்குச் சில வாரம் முன்பு. விலக்கு மனுவுக்கு வேண்டியது மாதங்கள். இந்த இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஆக, அணி அறிவிப்புக்கு வெகு முன்பே 40, 50 பேர் கொண்ட உத்தேசப் பட்டியலை வைத்து, ஒவ்வொருவரையும் தனியாக, ரகசியமாகக் கேட்டுவிட வேண்டும். பயிற்சியாளர் கேட்டால் பையன் சொல்லமாட்டான், இடம் போய்விடும் என்ற பயம் இருக்கும். அணிக்கு வெளியே உள்ள ஒரு வழக்கறிஞர் கேட்க வேண்டும்.

நான்காவது கஷ்டத்தை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை: திரும்பி வருவது. நியூசிலாந்து அணியில் பெரும்பாலோர் வாழ்வது ஆஸ்திரேலியாவில். அவர்களுக்கு அங்கே உள்ளது 444 என்ற எண்ணுள்ள விசா. விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது கொடுப்பார்கள், நாட்டை விட்டுக் கிளம்பினால் அது முடிந்துவிடும், மறுபடி வரும்போது புதிதாக வாங்க வேண்டும். சாதாரண நாளில் ஒரு நிமிட வேலை. ஆனால் வேறொரு நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கு 444 கொடுக்க ஆஸ்திரேலியச் சட்டம் தடை வைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டால், சிட்னியில் இறங்கும்போது அவருடைய வீடு, ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாமே கேள்விக்குள் வரக்கூடும். அமெரிக்க விசா என்பது அவருக்கு அமெரிக்கப் பிரச்சினை மட்டும் இல்லை. என்.ஆர்.எல்.லில் ஆடுகிற இங்கிலாந்து வீரருக்கும் இதேபோல், அவருடைய ஆஸ்திரேலிய விசா பலமுறை நுழையும் வகைதானா என்று பார்க்க வேண்டும். அதைக் கிளம்பிய பிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

பெட்டிகளும் பூட்ஸும்

என் தொழில் என்பதால் இதிலேயே பத்துப் பக்கம் எழுதுவேன், சுருக்கிக்கொள்கிறேன். அணியின் உபகரணங்கள் போய்த் திரும்பி வருபவை. அவற்றுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் உண்டு, பொருட்களுக்கு ஒரு பாஸ்போர்ட் மாதிரி, ஒரு வருடம் செல்லும், போகிற நாட்டில் சுங்க வரி கட்ட வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான்: பட்டியலில் உள்ளது உள்ளபடி திரும்ப வேண்டும். பிசியோ மேசை, ஜி.பி.எஸ். கருவிகள், கேமரா, மடிக்கணினி எல்லாம் சரி. தீர்ந்துபோகிற ஒட்டுப் பட்டை, ஊக்க பானம், மருந்து இதில் சேராது. ஆட்டம் முடிந்து ரசிகருக்குத் தூக்கிக் கொடுத்த பந்து பட்டியலில் இருந்தால் அதற்கும் கணக்குக் கேட்பார்கள். கருவிகளுக்கான உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்கில் போட்டால் பெட்டியே நின்றுவிடும்.

மைதானமும் ஒரு சுமைதான். அமெரிக்கக் கால்பந்து ஆடுகளம் 48.8 மீட்டர் அகலம். லீக்குக்கு 68 மீட்டர் வேண்டும். பார்வையாளர் மாடம் ஓரக் கோட்டை ஒட்டிக் கட்டப்பட்டிருந்தால் மூலைகளில் இடிக்கும். கம்பமும் வேறு, அவர்களுடையது ஒரே காலில் நிற்கும் கவண் மாதிரி, நமக்கு வேண்டியது இரண்டு கால் உள்ள கம்பம். யாராவது டேப் எடுத்துக்கொண்டு நேரில் போய் அளந்தாக வேண்டும், கூகுள் படத்தை நம்பி அளக்கக் கூடாது.

கடைசியாக பூட்ஸ். திரும்பி வரும்போது ஆக்லாந்திலும் சிட்னியிலும் உயிரிப் பாதுகாப்புச் சோதனை. காலணி ஆணியில் மண்ணும் புல்லும் ஒட்டியிருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் வந்து மாட்டினால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். ஆட்டம் முடிந்த இரவு, தோற்ற அணியின் களைத்துப்போன பையன்களிடம் "தம்பி, பூட்ஸைக் கழுவு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைச் செலவுத் திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை.

ஆட்ட நாள்

76,000 பேர் உட்காரும் மைதானத்தில் 19,320 பேர் வந்தார்கள். கால் பங்கு. தொலைக்காட்சியில் பார்த்தால் வெற்று நாற்காலிகள் தெரியும், ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலானோர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு விளையாட்டுக்கு, இரண்டு வெளிநாட்டு அணிகளைப் பார்க்க, பிற்பகல் வெயிலில் அத்தனை பேர் வந்தது மோசம் இல்லை. லாங் பீச்சைவிட 7,000 பேர் அதிகம். சிட்னியில் அப்போது ஞாயிறு விடிகாலை. நான் போர்வையோடு பார்த்தேன்.

ஆட்டமும் நன்றாகவே இருந்தது. பலர் அடுத்த வார இறுதியிலேயே தங்கள் கிளப்புக்காகக் களமிறங்கினார்கள். கிளப்புகள் பயந்தது பெரும்பாலும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதற்காக அவர்கள் பயந்தது தப்பு என்று ஆகாது, ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து உடல்நலத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

பணம் வரவில்லை

அப்புறம்தான் கதை. ஆட்டம் முடிந்து மாதங்கள் ஓடின. இரண்டு நாட்டுச் சங்கங்களுக்கும் சேர வேண்டிய பணம் சொன்னபடி வரவில்லை. நியூசிலாந்துச் சங்கம் பாக்கி இருப்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. அது பணக்காரச் சங்கம் அல்ல, முந்தைய வருட உலகக் கோப்பையில் டோங்காவிடமும் பிறகு காலிறுதியில் ஃபிஜியிடம் 4-2 என்றும் தோற்று, பயிற்சியாளரை மாற்றி, மறுபடி எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தது.

2018 டிசம்பரில் சர்வதேசச் சங்கம் 2025 உலகக் கோப்பையை வட அமெரிக்காவில் நடத்துவதில்லை என்று அறிவித்தது. மூன்று வருடத் திட்டம் ஒரு ஆட்டத்தோடு நின்றது. அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு நேர்ந்ததும் பாவம்: பிரான்ஸுக்குப் போனது, 2023 மே மாதம் பிரான்ஸ் கைவிரித்தது, கடைசியில் 2026க்குத் தள்ளி ஆஸ்திரேலியா பக்கம் வந்தது.

நான் ஃபைலைப் பின்னாலிருந்து புரட்டியபோது கண்ணில் பட்டது இதுதான். ஆட்டத்துக்கு முன்பு மாதக்கணக்கில் நடந்த விவாதத்தில் ஆக்சிஜன், தூக்கம், வெயில், விமான இருக்கை எல்லாவற்றுக்கும் நிபுணர்கள் இருந்தார்கள். ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் கையெழுத்துப் போட்டவரிடம் பணம் இருக்கிறதா, அது எந்த வங்கியில் எந்தத் தேதியில் வந்து உட்காரும் என்று கேட்கும் நாற்காலி காலியாகவே இருந்த மாதிரி தெரிகிறது. கூலித் தகராறில் பிறந்த ஆட்டம் என்று மேலே சொன்னேன் இல்லையா, 123 வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் இடறியிருக்கிறது.

பிறகு மாறியவை, நான் மாற்றுபவை

2024 மார்ச் 2 அன்று என்.ஆர்.எல். தன் பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களை லாஸ் வேகாஸில் நடத்தியது. மான்லி 36-24 என்று சவுத் சிட்னியையும், சிட்னி ரூஸ்டர்ஸ் 20-10 என்று பிரிஸ்பேனையும் வென்றன. 40,746 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்துக் கிளப்புகளான விகனும் வாரிங்டனும் சேர்ந்தன, ஒரே நாளில் நான்கு ஆட்டம், 45,209 பேர். வேகாஸின் பளபளப்பைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்குப் பிடித்தது நாட்காட்டி. பருவத்தின் நடுவில் செருகாமல் தொடக்கத்தில் வைத்தார்கள். 2024இல் மற்ற கிளப்புகள் அடுத்த வாரக் கடைசியில்தான் தொடங்கின. வேகாஸ் போன நான்கு கிளப்புகளுக்கும் அடுத்த ஆட்டம் மார்ச் 14 அன்றோ அதற்குப் பிறகோதான். டென்வருக்கு அஞ்சு நாள், வேகாஸுக்குப் பத்து நாளுக்கும் மேல். கிளப்புகள் கடிதம் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. ஆட்ட நேரமும் சிட்னிக்கு ஞாயிறு மதியம் ஒன்றரை, எனக்குப் போர்வை தேவைப்படவில்லை.

இரண்டாவது வித்தியாசம், நடுவில் ஆள் இல்லை. என்.ஆர்.எல். தானே நடத்தியது, ஐந்து வருடத் திட்டமாக. நஷ்டம் வந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது என்ற குழப்பம் இல்லை.

ஆனால் எல்லாச் சங்கமும் என்.ஆர்.எல். மாதிரி கையில் காசு வைத்திருப்பதில்லை. நியூசிலாந்து மாதிரிச் சங்கத்துக்கு அமைப்பாளர் தேவைப்படுவார். அந்த நிலையில் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், முதலில் பணத்தை மூன்றாவது ஆளிடம், ஒரு வங்கியின் பொறுப்புக் கணக்கில், விமானச் சீட்டு போடும் தேதிக்கு முன்பே கட்டச் சொல்வேன். ஆட்டம் முடிந்து பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது, கூடுதல் பங்கு வேண்டுமானால் பிறகு தரட்டும். அந்தத் தொகையிலேயே அமெரிக்க வரிப் பிடித்தம் யார் தலையில் என்று எழுதியிருக்க வேண்டும், வெளிநாட்டு வீரர் அங்கே சம்பாதித்ததில் 30 சதவீதம் வரை பிடிக்கலாம், ஒப்பந்தத்தில் 'நிகரம்' (வரி போகக் கையில் வருவது) என்ற ஒரு சொல் விட்டுப்போனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காற்றில் போகும். காயத்துக்கான காப்பீட்டுச் சான்று கிளப்பின் பெயரில், கிளப்பின் கைக்கே போக வேண்டும். கிளப்புகளின் எதிர்ப்பில் பாதி அதிலேயே கரைந்திருக்கும் என்பது என் ஊகம்.

தேதி வரிசையும் தலைகீழ். ஆட்டத்துக்கு ஆறு மாதம் முன்பு உத்தேசப் பட்டியலில் உள்ள எல்லோருடைய பாஸ்போர்ட் நகலும், வழக்கறிஞரின் ரகசியக் கேள்வியும். நான்கு மாதம் முன்பு மைதானத்தை நேரில் அளப்பது. மூன்று மாதம் முன்பு பணம் கணக்கில். அந்த நாளில் பணம் வரவில்லையா, ஆட்டம் ரத்து, யார் மீதும் கோபப்படாமல், வீரர்களுக்கும் கிளப்புகளுக்கும் அதே நாளே சொல்லிவிடுவது. அப்படி ரத்தானாலும் ஒதுக்கிய வார இறுதி வீணாகாது. 2019இல் அதே ஜூன் வார இறுதியில் நியூசிலாந்து டோங்காவோடு ஆக்லாந்தில் ஆடியது, 34-14 என்று ஜெயித்தது.